கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள்: ஓவியர் யூஜின் பூதான்



இந்த இதழில் ஒரு பிரெஞ்சு ஓவியரின் வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன். பெயர் யூஜின் பூதான். நிலம் தானமாகக் கேட்ட பூதான இயக்கத்துக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அந்தப் பெயர் ஏறக்குறைய இப்படித்தான் ஒலிக்கிறது, அவ்வளவுதான். நம் செய்திமடலை நீங்கள் கைபேசியிலோ கணினியிலோதான் படிக்கிறீர்கள். அதனால் ஒரு சிறு வேண்டுகோள். அவர் பெயரோடு த்ரூவில் கடற்கரை என்று சேர்த்துத் தேடி, ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பார்த்தீர்களா? எந்தப் படம் கிடைத்திருந்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கீழே ஒரு பட்டை மணல். அதன்மேல் இடமிருந்து வலமாக ஒரு வரிசை மனிதர்கள். கூடாரம் போல விரிந்த பாவாடையில் பெண்கள், உயரத் தொப்பியில் ஆண்கள், குடைகள், ஓரிரு நாய்கள், மணலில் விளையாடும் குழந்தைகள். வீட்டுக்கூடத்தில் போடும் மர நாற்காலிகளையே மணலில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீரில் யாரும் இருப்பது அபூர்வம். முகம் என்று சொல்ல ஒரு புள்ளிதான், அதிலும் பாதிப் பேர் நமக்கு முதுகு காட்டுகிறார்கள். மேலே, படத்தின் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டு, வானம்.

இந்தப் படங்களை வரைந்தவர், அந்த நாற்காலிகளில் உட்கார்ந்த கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை. கடல் அவருக்கு உல்லாசம் இல்லை, அப்பாவின் பிழைப்பு. அதனால் அவருக்கு ஒரு கட்டத்தில் வந்த சங்கடத்தையும், அதற்கு அவரே கண்டுபிடித்த சமாதானத்தையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பூதான் 1824-ம் ஆண்டு ஜூலை 12-ம் தேதி பிரான்ஸின் வட கடற்கரையில், நார்மண்டி பகுதியில், ஓன்ஃப்ளர் என்ற சிறு துறைமுகத்தில் பிறந்தார். சேன் நதி கடலில் கலக்கும் இடம் அது. ஆற்றின் தென்கரையில் ஓன்ஃப்ளர், வடகரையில் லெ ஆவ்ர் என்ற பெரிய துறைமுகம். அப்பா கப்பல் வேலைக்காரர். பத்து வயதுச் சிறுவனாக இருக்கும்போதே பூதானும் அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஓடிய படகில் எடுபிடி வேலை பார்த்தார். 1835-ல் குடும்பம் லெ ஆவ்ருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே முதலில் ஓர் அச்சகத்தில், பிறகு ஒரு ஸ்டேஷனரி கடையில் பையனாகச் சேர்ந்தார். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான்.

இருபது வயதில், 1844-ல், ஒரு கூட்டாளியோடு சேர்ந்து சொந்தக் கடை போட்டார். காகிதம், பேனா விற்பது, படங்களுக்குச் சட்டம் போடுவது என்று வியாபாரம். கோடையில் அந்தக் கடற்கரைக்கு ஓவியம் தீட்ட வரும் பாரிஸ் ஓவியர்கள் சட்டம் போட வருவார்கள், அவர்களுடைய படங்களைக் கடை ஜன்னலில் வைத்து விற்றும் கொடுத்தார். இஸபே, த்ருவாயோன், மில்லே என்று அன்றைக்குப் பெயர் பெற்றவர்களும் பிற்பாடு பெயர் பெற்றவர்களும் அப்படி அறிமுகமானார்கள். சட்டம் போடக் கொடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்துப் பையனுக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. தான் வரைந்ததை மில்லேயிடம் காட்டி யோசனை கேட்டார். சில வருடங்களிலேயே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை விட்டு விலகி முழுநேர ஓவியராகிவிட்டார். வணிகவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இது இன்னமும் ஜீரணமாகவில்லை. கையில் சேமிப்பில்லை, பின்னால் குடும்பச் சொத்தில்லை.

1851-ல் லெ ஆவ்ர் நகரசபை இரக்கப்பட்டு, பாரிஸில் ஓவியம் படிக்க மூன்று வருட உதவித்தொகை கொடுத்தது. வருடத்துக்கு 1,200 பிராங்க். பூதான் லூவ்ர் அருங்காட்சியகத்தில் பழைய டச்சு ஓவியர்களை நகலெடுத்தார். ஆனால் கிடைத்த நேரமெல்லாம் ஊருக்கு ஓடிவந்து கடலையும் மேகத்தையும் சின்னச் சின்னதாகத் தீட்டிக்கொண்டிருந்தார். நகரசபை எதிர்பார்த்தது வேறு. பணம் கொடுத்தவர்களுக்குச் சுவரில் மாட்டப் பெரிய படம் வேண்டும் அல்லவா? மூன்று வருடம் முடிந்தபோது அவர்களுக்கு ஏமாற்றம்தான். உதவித்தொகையும் நின்றது. இந்த நகரசபையை மறந்துவிடாதீர்கள், கடைசியில் மறுபடியும் வரும்.

1850-களின் பின்பாதியில் நடந்த ஒரு விஷயம்தான் இன்று பூதானின் பெயரை எல்லாப் புத்தகங்களிலும் ஏற்றிவைத்திருக்கிறது. லெ ஆவ்ரில் ஒரு பள்ளிப் பையன் ஊர்ப் பெரிய மனிதர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து காசு பார்த்துக்கொண்டிருந்தான். சட்டக் கடை ஜன்னலில் அவன் படங்களும் இருக்கும், பூதானின் கடல் படங்களும் இருக்கும். பையனுக்கு பூதானின் படங்கள் கட்டோடு பிடிக்காது. அவரைச் சந்திப்பதையே தவிர்த்து வந்தான். பூதான் விடவில்லை. கேலிச்சித்திரத்தோடு நின்றுவிடாதே, என்னோடு வெளியே வந்து மரத்தையும் வெளிச்சத்தையும் பார்த்து வரை என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். 1858-ல் ஒரு நாள் பையன் வேண்டாவெறுப்பாகப் போனான். பூதான் வயல்வெளியில் படச்சட்டத்தை ஊன்றி வேலை செய்வதைப் பார்த்தவுடன் அவன் மனம் மாறிவிட்டது. அந்தப் பையன்தான் கிளோத் மோனே. அல்லிக்குளம் வரைந்த அதே மோனே. தான் ஓவியனானதற்கு பூதான்தான் காரணம் என்று கிழவராகி உலகப்புகழ் பெற்ற பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே போய் வரைவது என்ன பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். அக்காலத்தில் ஓவியர்கள் வெளியில் குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு, படத்தை அறைக்குள் உட்கார்ந்துதான் முடிப்பார்கள். 1841-ல்தான் வண்ணம் அடைக்கும் தகரக் குழாய் வந்தது. நாம் பற்பசை பிதுக்கும் குழாய் மாதிரி. அதன் பிறகுதான் எண்ணெய் வண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போவது சுலபமானது. ஆனாலும் முடித்த படம் என்பது அறைக்குள் செய்வது என்ற எண்ணம் மாறவில்லை. நேரில் பார்த்துப் போட்ட கோட்டில் இருக்கும் உயிர் அறைக்குள் வராது என்பது பூதானின் கட்சி.

அதிலும் வானம் என்றால் அவருக்குப் பித்து. மேகம் ஒரு நிலையில் பத்து நிமிடம் நிற்காது. அதைப் பிடிக்க பேஸ்டல் கட்டிகளால் காகிதத்தில் வேகமாகத் தீட்டி, பக்கத்திலேயே தேதி, நேரம், காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்பதையெல்லாம் குறித்து வைப்பார். நாள்தோறும் லெட்ஜரில் பதிவு போடுவது போலத்தான். இப்படி நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. 1859-ல் கவிஞர் போதலேர் இவற்றை ஓன்ஃப்ளரில் பார்த்தார். அவருடைய அம்மாவின் வீடு அங்கே இருந்தது. பார்த்து அசந்துபோய், அந்த வருட பாரிஸ் கண்காட்சியைப் பற்றி எழுதிய விமர்சனத்திலேயே இவற்றைப் புகழ்ந்தார். குறிப்பை மறைத்துவிட்டு மேகத்தை மட்டும் பார்த்தாலும் பருவத்தையும் வேளையையும் காற்றையும் சொல்லிவிடலாம் என்பது அவருடைய மதிப்பீடு. மூத்த ஓவியர் கொரோவோ இவருக்கு வானங்களின் அரசன் என்று பட்டமே கொடுத்துவிட்டார்.

அரசனுக்குச் சாப்பாட்டுக்கு வழி? ஆடுமாடுகள் வரைவதில் பேர்போன த்ருவாயோனுக்குப் படங்கள் குவிந்துகொண்டிருந்தன. அவருக்கு உதவியாளாகச் சேர்ந்து, அவர் படங்களில் வானத்தை மட்டும் பூதான் தீட்டிக் கொடுத்தார். கீழே மாடு த்ருவாயோனுடையது, மேலே மேகம் பூதானுடையது, கையெழுத்து த்ருவாயோனுடையது.

இனி நாற்காலிக்காரர்களிடம் வருவோம்.

அந்தக் காலத்தில் பிரான்ஸில் வைத்தியர்கள் கடல் குளியலை மருந்தாக எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓன்ஃப்ளருக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் இருந்த த்ரூவில் என்ற மீனவ ஊர், மெல்ல மெல்லப் பணக்காரர்களின் கோடை வாசஸ்தலமாயிற்று. துக் என்ற சிற்றாற்றின் மறுகரையில் வெறும் சதுப்பும் மணலுமாகக் கிடந்த தோவிலை 1860-களின் தொடக்கத்தில் மோர்னி பிரபு நகரமாக்க ஆரம்பித்தார். அவர் மூன்றாம் நெப்போலியன் பேரரசரின் தாய்வழி அரைச் சகோதரர், அரசியலிலும் ரியல் எஸ்டேட்டிலும் ஒரே நேரத்தில் கை வைத்தவர். 1863-ல் பாரிஸிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது. அடுத்த வருடமே குதிரைப் பந்தய மைதானம். காலையில் பாரிஸில் ஏறினால் அன்றைக்கே கடலைப் பார்க்கலாம் என்றானதும் கூட்டம் குவிந்தது. குளிக்க விரும்புகிறவர்கள் சக்கரம் வைத்த மரக் கூண்டுக்குள் உடை மாற்றிக்கொள்வார்கள், குதிரை பூட்டி அதைத் தண்ணீர் வரை இழுத்துப்போவார்கள். மற்றவர்கள் மணலில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களைப் பார்ப்பார்கள், தங்களைக் காட்டிக்கொள்வார்கள்.

இந்தக் கூட்டத்தை வரைந்தால் விற்கும் என்று பூதானுக்கு யோசனை சொன்னவர், பழைய கடை வாடிக்கையாளரான இஸபேதான். 1862 வாக்கில் ஆரம்பித்தார். அதுவரை யாரும் இந்தக் காட்சியைத் தனி விஷயமாக எடுத்து இப்படி வரைந்ததில்லை. கடல் என்றால் புயல், உடைந்த கப்பல், கடற்போர் என்று வரைவார்கள். பாவாடையும் குடையுமாக ஒரு கும்பல் சும்மா உட்கார்ந்திருப்பது படத்துக்குரிய விஷயமா? பூதான் சுமார் ஓரடி உயரம், ஒன்றரையடி அகலம் உள்ள பலகைகளிலும் துணிகளிலும் அதையே திரும்பத் திரும்ப வரைந்தார். 1863-ல் பேரரசி யூஜெனியே த்ரூவில் மணலில் தன் பரிவாரத்தோடு நடந்துபோவதையும் வரைந்தார். அந்தப் படம் இப்போது ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகர அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. ஒரு நாட்டின் பேரரசியை வரையும் வாய்ப்பு மற்றவர்களுக்குக் கிடைத்திருந்தால் நகையும் முகமுமாக வரைந்திருப்பார்கள். நம்மவரிடம் பேரரசிக்கும் ஒரு புள்ளிதான் முகம்.

இதே 1863-ல்தான் அவருக்குக் கல்யாணம். மனைவி மாரி ஆன், பிரிட்டனி பகுதியைச் சேர்ந்தவர். பிரான்ஸின் மேற்கு மூலை அது, அப்போது மிகவும் ஏழைப் பகுதி. மனைவி வழியாக அந்த ஊர் மனிதர்களோடு நெருக்கம் வந்தது.

1867 கோடையில் பிரிட்டனியில் ஒரு மாதம் போலத் தங்கினார். வயலில் முதுகொடிய உழைத்துவிட்டுக் கறுப்பு ரொட்டியும் தண்ணீருமாகச் சாப்பிடும் குடியானவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தார். அங்கிருந்து நேராக த்ரூவில். அதே மணல், அதே நாற்காலிகள். இந்த முறை அவருக்கு அது ஒரு கோரமான மாறுவேடக் கூத்தாகத் தெரிந்தது. பிறர் உழைப்பில் பளபளக்கும் ஒரு கும்பல் என்று பட்டது. இவர்களுடைய சோம்பலை வரைந்தா வயிற்றைக் கழுவுகிறோம் என்று வெட்கமாக இருப்பதாக நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். எழுதிக்கொண்டு வரும்போதே தன்னைக் கொஞ்சம் தேற்றிக்கொள்கிறார். கடவுள் வெளிச்சத்தை எல்லார்மேலும்தான் கொட்டியிருக்கிறார், நான் வரைவது இந்த மனிதர்களை அல்ல, அவர்களைச் சுற்றியிருக்கும் அந்த வெளிச்சத்தை என்கிறார்.

படகில் எடுபிடி வேலை செய்த பையன் எழுதிய கடிதம் இது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அப்பாவின் வயதொத்த மீனவர்கள் அந்த நாற்காலிகளுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் அவர்கள் இல்லை. அவர்களை வரைந்தால் அப்போது விற்பது கஷ்டம். மனைவியோடு பாரிஸில் வாடகை வீட்டில் அவர் காலம் தள்ளுவது இந்தப் பாவாடைகளின் தயவில். இதுதான் அந்தச் சங்கடம். வெளிச்சத்தைத்தான் வரைகிறேன் என்பது அழகான பதில்தான். ஆனால் எனக்கு அதில் ஒரு நழுவல் தெரிகிறது. அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதோடு விடவில்லை.

அடுத்த வருடம், 1868-ல், அதே விஷயம் கடிதத்தில் மறுபடி வருகிறது. இந்த மாதிரிப் படங்களைக் குறித்து நண்பர் ஏதோ கேட்டிருப்பார் போலிருக்கிறது. பூதான் இப்போது வேறு தொனியில் பேசுகிறார். நம் காலத்து மனிதர்களைத் துணிந்து வரைகிறாய் என்று சக ஓவியர்கள் பாராட்டினார்கள் என்று சொல்லிவிட்டு, கேள்வியைத் திருப்புகிறார். குடியானவனை வரைய மில்லே போன்றவர்கள் இருக்கிறார்கள், நல்லது. ஆனால் மாலையில் பாலத்தின்மேல் சூரியன் மறையும் திசையைப் பார்த்து நடக்கும் இந்த நடுத்தர மனிதர்களுக்கு ஒரு படத்தில் இடம் பிடிக்க உரிமை இல்லையா? இவர்களில் பலர் ஆபீசிலும் அலுவல் அறையிலும் வருடம் முழுக்கப் பாடுபட்டுவிட்டு இளைப்பாற வந்தவர்கள். கூட்டத்தில் ஒட்டுண்ணிகள் இருக்கலாம், தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள் அல்லவா என்று கேட்கிறார்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். அந்த நாற்காலிகளில் இருப்பவர்கள் எல்லாம் பிரபுக்கள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மார்ச் மாதக் கணக்கை முடித்துவிட்டு வந்த ஒரு கிளார்க் அங்கே ஓரத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கக் கூடும் என்று தோன்றவே இல்லை. இப்போது படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவரைத் தேடுகிறேன். முகம்தான் இல்லையே, யாராகவும் இருக்கலாம்.

பூதான் சொன்னதில் எது உண்மை, 1867-ம் வருடக் கடிதமா 1868-ம் வருடக் கடிதமா என்று கேட்டால், இரண்டையும் அவர் கடைசிவரை சுமந்தார் என்றுதான் சொல்வேன். கடற்கரைப் படங்களை விடவில்லை. ஆனால் 1870-களிலிருந்து துறைமுகம், பாய்மரக் கப்பல்கள், மீன்காரப் பெண்கள் என்று அதிகம் போனார். துக் ஆற்றங்கரையில் துணி துவைக்கும் பெண்களை வருடக்கணக்கில் வரைந்தார். தோவிலுக்கும் த்ரூவிலுக்கும் நடுவே ஓடும் அதே ஆறு. குனிந்து துவைக்கும் பெண்களின் வரிசையும், அந்த நாற்காலி வரிசையைப் போலவே படத்தின் அடியில்தான் இருக்கும். மேலே அதே வானம். இந்தப் பெண்களுக்கும் புள்ளிதான் முகம்.

1870 கோடையில் மோனே புது மனைவி கமீலோடும் சிறு மகனோடும் த்ரூவிலுக்கு வந்தார். பூதானும் மனைவியோடு அங்கே இருந்தார். இரண்டு குடும்பமும் மணலில் நாள்களைக் கழித்தன. மோனே அப்போது வரைந்த ஒரு படம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. காற்றில் பறந்து வந்த மணல் துகள்கள் அதன் வண்ணத்தில் இன்றும் ஒட்டியிருப்பதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஜூலையிலேயே ஜெர்மானியர்களோடு போர் மூண்டது. பேரரசு கவிழ்ந்தது. மோனே லண்டனுக்கும் பூதான் பெல்ஜியத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். இருபத்தேழு வருடம் கழித்து, கமீலும் மாரி ஆனும் போய்ச் சேர்ந்த பிறகு, பூதான் அந்தக் கோடையை நினைவுபடுத்தி மோனேவுக்கு எழுதினார்.

போருக்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1874-ல் மோனேவும் நண்பர்களும் பாரிஸில் தனியாகக் கண்காட்சி நடத்தியபோது, ஐம்பதை எட்டப்போகும் பூதானையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கண்காட்சியிலிருந்துதான் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற பெயரே பிறந்தது. பூதான் அதற்குப் பிறகு அவர்களோடு காட்சி வைக்கவில்லை, அரசாங்கக் கண்காட்சிக்கே திரும்பிவிட்டார். புரட்சி அவர் சுபாவத்தில் இல்லை. பணக் கஷ்டம் தீர்ந்தது 1881-ல் த்யுரான் ருவேல் என்ற வியாபாரி அவர் படங்களை வாங்க ஆரம்பித்த பிறகுதான். அப்போது வயது 57. நம்மில் பலர் ஓய்வூதியக் கணக்குப் பார்க்க ஆரம்பிக்கும் வயதில் அவருக்கு முதல்முறையாக நிலையான வருமானம். தோவிலிலேயே ஒரு சிறு வீடு கட்டினார். பிரபுவின் ரியல் எஸ்டேட் ஊரில், அதை வரைந்து பிழைத்தவருக்கும் ஒரு மனை.

1889 அவருக்கு விசித்திரமான வருடம். வசந்தத்தில் மாரி ஆன் இறந்தார். அதே வருடம், ஐஃபல் கோபுரம் எழுந்த பாரிஸ் உலகக் கண்காட்சியில், தங்கப் பதக்கம் கிடைத்தது. 1892-ல் அரசாங்கம் செவாலியே விருதும் கொடுத்தது. உடம்பு குளிர் தாங்காமல் குளிர்காலங்களில் தெற்கே மத்தியதரைக் கடல் பக்கம் போனார், வெனிஸுக்கும் போய் வரைந்தார். அந்தப் படங்களிலும் நீலம் அதிகமில்லை, வடக்கின் சாம்பல் நிறம் கூடவே போயிருக்கிறது.

1898-ல் தெற்கே இருக்கும்போது நோய் முற்றியது. தன் கடலைப் பார்த்தபடி சாக வேண்டும் என்று ஆசைப்பட்டு, தோவிலுக்குக் கொண்டுவரச் சொன்னார். ஆகஸ்ட் 8-ம் தேதி அங்கே காலமானார். வயது 74. கோடைக்காலம், மணலில் நாற்காலிகள் போட்டிருப்பார்கள்.

அவருடைய ஓவியக்கூடத்தில் நிறைய வேலைகள் மிச்சமிருந்தன. விற்பதற்காக இல்லாமல் தனக்காகத் தீட்டி வைத்த வானங்கள், மாடுகள், படகுகள், கடற்கரைக் குறிப்புகள். அவற்றில் 200-க்கும் மேற்பட்டவற்றை அவருடைய தம்பி லூயி 1900-ல் லெ ஆவ்ர் நகரத்து அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். ஸ்காலர்ஷிப் கொடுத்துவிட்டு ஏமாற்றமடைந்த அதே நகரம்தான். சுவரில் மாட்டப் பெரிய படம் எதிர்பார்த்தவர்களுக்கு, ஐம்பது வருடம் கழித்து, சின்னச் சின்ன வானங்களாக வந்து சேர்ந்தது. துறைமுகத்தின் வாயிலில் இருக்கும் அந்த அருங்காட்சியகத்தில் இன்றும் அவை வரிசையாகத் தொங்குகின்றன.